வீடியோ பார்த்தா மட்டும் கோடிங் வருமா?

கோடிங் கத்துக்கணும் என்று முடிவெடுத்ததும் பலர் முதலில் திறப்பது பத்து மணி நேர யூடியூப் வீடியோவை. பார்க்கும்போது எல்லாம் புரியும். தனியாக எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட வராது. கரையில் நின்று நீச்சல் பழகிய கதைதான்!

ஆயிரக்கணக்கில் பணம் கட்டும் முன், பைத்தானில் தொடங்கிப் பாருங்கள். இன்ஸ்டால் செய்யக்கூட வேண்டாம். பிரவுசரில் கூகுள் கோலாப் போதும். ஐஐடி ரோபாரின் ‘ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்’ பாடங்களை என்பிடெல் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம்.

முதல் பயிற்சி: நீங்களும் ரூம்மேட்டும் செய்த செலவைக் கூட்டிச் சொல்லும் புரோகிராம். 200, 300 என்று டைப் செய்தால் விடை 500 வராது, 200300 என்று வந்து நிற்கும்! காரணம், ‘இன்புட்’ மூலம் வாங்கும் எதையும் பைத்தான் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும்; பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். ‘இன்ட்’ போட்டு எண்ணாக மாற்றினால்தான் கூட்டும். இப்படி ஒருமுறை முட்டி மோதிக் கண்டுபிடித்தது மறக்காது. எரர் வந்தாலும் பதறாம கடைசி வரியை முதலில் படிங்க. என்ன பிரச்சினை என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஏஐ-யிடம் கேட்கலாமா? ‘ஏன் இப்படி வருது?’ என்று தாராளமாகக் கேளுங்கள். மொத்தமாக எழுதி வாங்கி ஒட்டினால், இன்டர்வியூவில் ‘இந்த ஒரு வரியை மாத்துங்க’ எனும்போது முழிக்க வேண்டியதுதான்.