விற்பவருக்கும் பொறுப்பு உண்டு

தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பர்மா என்ற பெயர் புதிதன்று. ஜப்பானியர் காலத்தில் சயாம்–பர்மா இரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாதவர்களின் கதையைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோம். துப்பாக்கி ஏந்தியவன் முன் வெறுங்கையுடன் நிற்பவர் படும் பாட்டை அறிந்த சமுதாயம் நாம். அந்தப் பர்மாதான் இன்றைய மியன்மார்.

2021 பிப்ரவரி 1-இல் அங்கு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. எதிர்த்து வீதியில் இறங்கிய மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஜூன் 18-இல், மியன்மாருக்கு ஆயுதம் செல்வதைத் தடுக்குமாறு ஐ.நா. பொதுச்சபை உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. மலேசியா உட்பட 119 நாடுகள் ஆதரித்தன. பெலாருஸ் எதிர்த்தது. சீனா, ரஷ்யா, இந்தியா உட்பட 36 நாடுகள் நடுநிலை வகித்தன.

ஆயுத வரவு நின்றதா? இல்லை. பொதுச்சபைத் தீர்மானம் வேண்டுகோள் மட்டுமே. 1977-இல் நிறவெறித் தென்னாப்பிரிக்காவுக்கு விதித்தது போன்ற கட்டாயத் தடையைப் பாதுகாப்பு மன்றம்தான் விதிக்க முடியும். அங்கே சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் இரத்து அதிகாரம் உண்டு.

ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் குறைந்தது 100 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள ஆயுதங்களும் தொடர்புடைய பொருள்களும் மியன்மார் இராணுவத்தை அடைந்தன. ரஷ்யாவிலிருந்து 40.6 கோடி, சீனாவிலிருந்து 26.7 கோடி, சிங்கப்பூரில் இயங்கிய நிறுவனங்கள் வழியாக 25.4 கோடி. இவற்றில் துப்பாக்கிகளும் விமானங்களும் மட்டுமின்றி உதிரிப் பாகங்கள், மூலப்பொருள்கள், இயந்திரங்கள் ஆகியவையும் அடங்கும். உள்நாட்டிலேயே ஆயுதம் செய்ய இவை போதும்.

“நாம் விற்காவிட்டால் வேறொருவன் விற்பான்” என்பது வணிகர் வாதம். இதில் பாதி உண்மை உண்டு. அறிக்கைக்குப் பின் சிங்கப்பூர் அரசு விசாரணை நடத்தியது. ஓராண்டில் அவ்வழிச் சரக்கு 11 கோடி டாலரிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடியாகச் சரிந்தது. அதே வேளையில் தாய்லாந்து வழி கொள்முதல் இரட்டிப்பானது. ஆனாலும், வங்கிகள் வழி இராணுவம் செய்த மொத்தக் கொள்முதல் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2024 அறிக்கை கூறுகிறது. ஒரு கதவை அடைத்தாலும் பயன் உண்டு என்பதே இதன் பாடம்.

நம் நாட்டுக்கும் இப்பாடம் உண்டு. 2003-இல் லிபியா நோக்கிச் சென்ற கப்பலில் பிடிபட்ட அணுக் கருவிப் பாகங்கள் ஷா ஆலாமில் செய்யப்பட்டவை. அவை எதற்கென்று செய்தவர்களுக்குத் தெரியாது என்றே காவல்துறை அறிவித்தது. அறியாமலும் ஆபத்துக்குத் துணைபோகலாம் அல்லவா? பின்னர் வந்த 2010-ஆம் ஆண்டு வியூக வாணிபச் சட்டம், ஆயுதங்களையும் அவற்றுக்கு உதவும் பொருள்களையும் ஏற்றுமதி செய்யவும், நம் துறைமுகங்கள் வழி மாற்றி அனுப்பவும் அனுமதி பெறுவதைக் கட்டாயமாக்கியது.

நம்மில் பலர் நாளை பொறியியலாளராகவும் வங்கி அதிகாரியாகவும் துறைமுக அலுவலராகவும் அமரப் போகிறோம். கையெழுத்திடும் முன், “இச்சரக்கு இறுதியில் யார் கைக்குப் போகிறது?” என்று ஒரு முறை கேட்போம்.