தங்கவயலில் ஒரு விடுமுறை நாள்

பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். பங்காருப்பேட்டையில் மெயின் லைனை விட்டுப் பிரியும் கிளைப்பாதை மாரிக்குப்பத்தோடு முடிந்துவிடுகிறது. கோலார் தங்கவயலுக்காகவே போடப்பட்ட பாதை அது. நண்பர்கள் நால்வர், கட்டுச்சோற்று மூட்டையுடன் அண்மையில் அங்கு போய் வந்தோம். சயனைடு மேடுகளைப் பார்ப்பதே நோக்கம்.

தூரத்தில் பார்த்தால் மலை. கிட்டே போனால் மாவு போன்ற மண். சுரங்கக் கல்லைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய கழிவைத்தான் இப்படிக் குவித்திருக்கிறார்கள். மழை அரித்த ஓடைகள் ஆளுயரத்துக்கும் மேல் இருக்கின்றன. 2018-ல் வெளியான 'கே.ஜி.எப்.' சினிமாவை இங்கேதான் எடுத்தார்கள். காற்று எழுந்ததும் துண்டால் மூக்கை மூடிக்கொண்டோம். நாம் மாலையில் ஊர் திரும்பிவிடலாம். அடிவாரத்து லைன் வீடுகளில் இருப்பவர்கள் எங்கே போவார்கள்?

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால்வைத்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூருக்கே 1905-ல்தான் கிடைத்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர் ஜில்லாக்களிலிருந்து வந்த தமிழர்கள். நம்மோடு வந்த நண்பரின் தகப்பனாரும் அவர்களில் ஒருவர். கடைசிக் காலத்தில் பத்தடி நடந்தாலே அவருக்கு மூச்சு வாங்குமாம்.

2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் தங்கவயலின் பிழைப்பு ரயிலில்தான் ஓடுகிறது. விடியுமுன் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் புறப்படுகிறார்கள். இருட்டிய பின்னரே வீடு சேர்கிறார்கள்.

13 மேடுகளில் உள்ள 3 கோடி டன்னுக்கும் அதிகமான கழிவிலிருந்து மீதித் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நல்லதுதான். ஆனால் மேட்டைக் கிளறினால் தூசி எழும். அதற்குத் தடுப்பு என்ன? கிடைக்கும் வேலையில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை? முதல் லாரி நகருமுன் இந்த இரண்டுக்கும் பதில் வேண்டும்.

போக விரும்புவோர் பழைய சுரங்கக் கிணறுகளின் பக்கம் நெருங்க வேண்டாம். மேட்டில் ஏறும் ஆசையும் வேண்டாம். லைன் வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுங்கள். தங்கவயலின் கதை முழுவதும் அங்கே கிடைக்கும்.