ஊருக்குத் தெரியும் தளம் வீட்டுக்குள் திறக்காதது ஏன்?

வீட்டிலுள்ள ‘ராஸ்பெரி பை’ என்ற சிறு கணினியில் ஓர் இணையதளம் ஓடுகிறது. மொபைல் டேட்டாவில் பக்கம் திறக்கிறது. வீட்டு வைஃபையில் திறப்பதில்லை. ஏன்?

வீட்டுக் கருவிகளுக்குப் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள் முகவரிதான். வெளியுலகம் அறிவது ரவுட்டரின் பொது முகவரியை மட்டுமே; தளத்தின் பெயரைக் கேட்டால் டிஎன்எஸ் தருவதும் அதைத்தான். ஆக, அடுத்த அறைக்குப் போகவேண்டிய கோரிக்கை ரவுட்டரின் வெளிவாசல் முகவரிக்குப் போகிறது. அதை உள்ளேயே திருப்பிவிடும் ஏற்பாடு ‘ஹேர்பின் நாட்’. அது இல்லாத ரவுட்டரில் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும்.

அரைகுறையாகத் திருப்பினாலும் சிக்கல்தான். சர்வர் தன் உள் முகவரியிலிருந்து நேரடியாகப் பதில் அனுப்பும். பொது முகவரியின் பதிலுக்குக் காத்திருக்கும் கணினி அதைத் தள்ளிவிடும். அதனால் அனுப்புநர் முகவரியையும் ரவுட்டர் மாற்றியாக வேண்டும்.

எளிய வழி உண்டு. வீட்டுக்குள் மட்டும் அந்தப் பெயருக்கு உள் முகவரியைச் சொல்லும்படி டிஎன்எஸ்ஸை அமைக்கலாம்.

வெளியிலிருந்தும் திறக்கவில்லையா? 80, 443 போர்ட்டுகள் சர்வருக்குத் திருப்பப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். பிறகு ரவுட்டரின் வெளி முகவரி. அது 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்கிறது. 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட வரிசை அது. அங்கே ரவுட்டரில் போர்ட் திறந்து பயனில்லை. ஐபிவி6 அல்லது டனல் சேவை கைகொடுக்கும்.