தாயத்து போய்க் கைக்கடிகாரம் வந்தது

எண்பதுகளில் காவிரிக்கரைக் கிராமத்து வீடு. ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் திடுக்கென எழுந்து உட்காருகிறார். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. “நான் போயிடுவேன்போல இருக்கே” என்கிறார். வீடே விழித்துக்கொள்ளும். ஒருத்தி சுக்குக் கஷாயம் வைக்க ஓடுவாள். வாயுதான் என்பார் தாத்தா. உச்சிப்பொழுதில் புளியமரத்தடியில் போனாயா என்று பாட்டி விசாரிப்பாள். பூசாரி வந்து வேப்பிலையால் தடவித் திருநீறு பூசுவார். அரை மணிக்குள் மூச்சு சீராகி ஆள் தூங்கிவிடுவார். மறுநாள் கையில் தாயத்து ஏறும். கஷாயம் கேட்டது என்று ஒரு கட்சி, திருநீறு கேட்டது என்று ஒரு கட்சி.

இரண்டும் இல்லாதிருந்தாலும் அது அடங்கித்தான் இருக்கும். பேனிக் அட்டாக்கின் இயல்பே அதுதான். சில நிமிடங்களில் உச்சிக்கு ஏறும், பிறகு தானாகவே இறங்கும். இறங்குகிற நேரத்தில் கையில் என்ன இருந்ததோ அதற்குப் பேர் கிடைத்துவிடும். இந்த நாற்பது வருடக் கதையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், பயம் அப்படியே இருக்க, கையிலிருக்கும் பொருள்தான் மாறிக்கொண்டே வந்தது என்பேன்.

தாயத்துக்கு அடுத்து வந்தது ஊசி. டவுன் டாக்டர் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி ஒரு சத்து ஊசி போட்டு, தூக்க மாத்திரை எழுதித் தருவார். என் பெரியம்மா அந்த மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டேதான் வாசல்படி தாண்டுவார். தனியாகப் பஸ் ஏறமாட்டார். வெளியூர்க் கல்யாணம் என்றால், பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அவருக்குக் கடைசிவரை மாரடைப்பு வரவேயில்லை. வந்துவிடுமோ என்ற பயத்திலேயே பாதி ஆயுள் கழிந்தது.

இதை நம் ஊர் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்கள் பலர் நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சிரைப்பு என்று படுத்தபோது, பிலடெல்பியா மருத்துவர் ஜேக்கப் டா கோஸ்டா அவர்களைப் பரிசோதித்து 1871இல் ஒரு கட்டுரை எழுதினார். பலருக்கு இதயத்தில் கோளாறு எதுவும் அவர் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. முதல் உலகப் போரில் அதே தொல்லையைச் ‘சிப்பாய் இதயம்’ என்றார்கள். 1960ஐ ஒட்டி நியூயார்க்கில் டொனால்டு க்ளைன் என்ற மனநல மருத்துவர், இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்து இந்தத் திடீர்த் தாக்குதல்களை நிறுத்துவதைக் கண்டார். அமெரிக்க மனநலச் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெற 1980 ஆயிற்று.

இது எப்படி நடக்கிறது என்பதற்குத் தெளிவான விளக்கம் 1986இல் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க்கிடமிருந்து வந்தது. தூக்கமின்மை, காபி, மாடிப்படி, ஏப்பம் என ஏதோ ஒன்றால் நெஞ்சில் சின்னத் துடிப்பு எழுகிறது. ‘ஹார்ட் அட்டாக்’ என்று மனம் முடிவு கட்டுகிறது. அந்த நினைப்பு அட்ரினலினைச் சுரக்கவைக்க, இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது. மூச்சை வேகவேகமாக இழுத்து விடுவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, விரல் மரத்து, தலை சுற்றுகிறது. பயந்தவருக்கு அதுவே சாட்சியாகிவிடுகிறது. உடம்பில் நடப்பது எல்லாமே நிஜம், அதற்குச் சொல்லப்படும் காரணம் மட்டும் தப்பு.

இன்றைக்கு அந்தக் கிராமத்து வீட்டின் பேரன் சென்னையில் நாவலூர்ப் பக்கம் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறான். அதே பதினொரு மணி, அதே படபடப்பு. ஆட்டோ பிடித்து கேஷுவாலிட்டிக்கு ஓடுகிறான். ஈசிஜி நார்மல், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் நார்மல். “ஒண்ணுமில்ல தம்பி, கேஸ்தான். டென்ஷன் ஆகாதீங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒன்றுமில்லாததற்கா உயிர் போவதுபோல் இருந்தது என்ற கேள்வியோடு அறைக்குத் திரும்பி போனைத் திறக்கிறான். ஜிம்மில் சரிந்து விழும் இளைஞர்களின் வீடியோ ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்தபோது பெங்களூரு இதய மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. பயம் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

முதல் தடவை ஓடியது சரிதான். நெஞ்சுவலி என்றால், அதுவும் வியர்த்துக்கொட்டி இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால், யோசிக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும். தைராய்டு, ரத்தசோகையையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மருத்துவர் பார்த்து இதயம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் மாதாமாதம் எடுக்கும் ஈசிஜி தாயத்து வகைதான். இரண்டு நாள் நிம்மதி தரும், மூன்றாம் நாள் சந்தேகம் வரும். மணிக்கட்டில் நாடித்துடிப்பைக் காட்டும் கடிகாரமும் அப்படியே. தன் கடிகாரம் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது.

உண்மையான மாற்றம் சிகிச்சையில் வந்திருக்கிறது. இன்றைய உளவியல் சிகிச்சை கையில் எதையும் கொடுப்பதில்லை, இருப்பதைக் கீழே வைக்கக் கற்றுக்கொடுக்கிறது. மருத்துவர் ஒப்புதலோடு மாடிப்படியில் ஓடவிட்டும், நாற்காலியில் சுழலவிட்டும், வேகமாக மூச்சுவிடச் சொல்லியும் அதே படபடப்பை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். வந்தது தானே போவதை ஆள் தன் உடம்பிலேயே பார்க்கிறார். பிறகு மாத்திரை அட்டை இல்லாமல் பஸ், தண்ணீர் பாட்டில் இல்லாமல் சினிமா என்று படிப்படியாகப் போகிறார். தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மருந்துகள் உண்டு. அவை வேலைசெய்யச் சில வாரம் பிடிக்கும். அல்பிரசோலம் மாத்திரை உடனே அடக்கும், ஆனால் எளிதில் பழக்கமாகிவிடும். காகிதப் பைக்குள் மூச்சுவிடச் சொல்லும் பழைய யோசனையை இன்று பரிந்துரைப்பதில்லை. வந்திருப்பது நிஜமாகவே இதய நோயாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் அது ஆபத்து.

பழைய வீடு ஒன்றை நன்றாகச் செய்தது. உனக்கு ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லவில்லை. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, அது இறங்கும்வரை கூடவே இருந்தார்கள். நாவலூர் அறையில் அந்த நாலு பேர் இல்லை. ஆனால் அந்தப் பையன் மறுநாள் நண்பனிடம், “எனக்கு பேனிக் அட்டாக் வருதுடா” என்று வாய்விட்டுச் சொல்கிறான். பெரியம்மா அப்படிச் சொல்லியிருந்தால் கீழ்ப்பாக்கம் கேஸ் என்றிருப்பார்கள். இதைப் பெரிய முன்னேற்றம் என்றே நினைக்கிறேன்.

ஈசிஜியைப் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று சொல்லும் டாக்டர்கள் இன்னும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, நடந்தது என்ன என்று விளக்கி, மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதித்தர வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் ‘நடிக்கிறான்’ என்று சொல்லாமல் இருந்தாலே பெரிய உதவி. கையில் தாயத்தோ கடிகாரமோ, எதைக் கட்டியிருந்தாலும், நீங்கள் இந்தப் பயத்தோடு தனியாகக் கிடக்க வேண்டியதில்லை. 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.