மணலில் தடம்: வெயில் சாய்ந்திருக்கும்போதே எடுங்கள்

கடற்கரையில் நண்டு ஓடிய தடம் கண்ணுக்கு அத்தனை தெளிவாகத் தெரிகிறது. கைபேசியில் எடுத்துப் பார்த்தால் வெறும் மணல்தான் இருக்கிறது. கேமரா மட்டம் என்று பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். கேமராவில் குறை ஒன்றும் இல்லை. தடத்துக்கென்று தனி நிறம் கிடையாது. சுற்றியுள்ள மணலும் அழுந்திய மணலும் ஒரே நிறம். பள்ளத்தில் விழும் நிழல் ஒன்றுதான் தடத்தை நமக்குக் காட்டுகிறது. நேரில் பார்க்கும்போது இரண்டு கண்களும் சேர்ந்து ஆழத்தை உணர்த்திவிடும். ஒற்றைக் கண் கொண்ட கேமராவுக்கு நிழலை விட்டால் வேறு துணை இல்லை.

ஆகவே முதல் கேள்வி, சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. சூரியன் அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில் இருந்தால் ஒரு சென்டிமீட்டர் விளிம்பின் நிழல் 5 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். 45 பாகையில் அதே விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் நிழல்தான். உச்சிவெயிலில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. சென்னைப் பக்கம் சூரியன் செங்குத்தாக ஏறுகிறது, மணிக்கு 14 பாகை அளவுக்கு. நல்ல நிழல் கிடைக்கும் நேரம் அதனால் குறைவு.

அந்தக் குறைந்த நேரத்துக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. சிறு பறவையின் கால் மணலில் இரண்டு மில்லிமீட்டர்தான் அழுந்தும். அதற்கு மிகத் தாழ்ந்த வெயில் வேண்டும். மனிதக் குதிகால் பதிந்த பள்ளமோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம். விடிந்தவுடன் எடுத்தால் பள்ளம் முழுவதும் இருட்டு நிரம்பி, விரல்களும் உள்வளைவும் மறைந்துபோகும். எனவே சூரியன் எழுந்த முதல் அரைமணி நேரத்தைப் பறவைக்கும் நண்டுக்கும் கொடுங்கள். மனிதக் காலடிக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாலும் போதும்.

அடுத்தது பலரைக் குழப்பும் விஷயம். எடுத்த படத்தில் பள்ளம் மேடாகத் தெரியும். காலடி மணலில் அழுந்தாமல், மணல்மேல் ஒட்டவைத்ததுபோல் புடைத்து நிற்கும். வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்றே நம் மூளை எப்போதும் வைத்துக்கொள்ளும். சூரியனுக்குக் கீழே வாழ்ந்து பழகிய பழக்கம் அது. படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒளி வந்திருந்தால் மேடும் பள்ளமும் இடம் மாறித் தெரிகின்றன. நிலவின் பள்ளங்களைக் காட்டும் படங்களிலும் இந்த மயக்கம் வரும். கிழக்குப் பார்த்த நம் கரையில் காலையில் சூரியன் கடல் பக்கம் இருக்கிறது. கடலைப் பார்த்து நின்று குனிந்து எடுத்தால் ஒளி படத்தின் மேல்விளிம்பிலிருந்து இறங்கும், பள்ளம் பள்ளமாகவே தெரியும். முதுகைச் சூரியனுக்குக் காட்டி நின்றால் ஒளி கீழிருந்து வரும்; போதாததற்கு உங்கள் நிழலும் தடத்தின்மேல் விழும். அப்படி எடுத்துவிட்டாலும் கவலை இல்லை. படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் சரியாகிவிடும்.

மணலின் ஈரமும் முக்கியம். காய்ந்த மணல் சரிந்துகொண்டே இருக்கும். அதில் மிதித்தால் ஒரு குழி மிஞ்சும், விரல் மிஞ்சாது. தண்ணீர் தளும்பும் மணலில் தடம் உடனே நிரம்பிவிடும். இரண்டுக்கும் நடுவே, அலை ஏறிவிட்டுப் போய், மேல்நீர் வடிந்து, துகள்களுக்கிடையே மட்டும் ஈரம் தங்கிய பட்டை ஒன்று இருக்கிறது. அந்த ஈரம் மணலைப் பிடித்துவைப்பதால் நகக்கீறல்கூட நிற்கும். தடம் தேடுகிறவர் நடக்க வேண்டிய இடம் அந்தப் பட்டையின் ஓரம்.

சென்னைக் கரையில் படமெடுக்க மிகவும் அருமையான தடம் பங்குனி ஆமையினுடையது. ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை இரவில் முட்டையிட ஏறிவிட்டுப் போகும். விடிகாலையில் பார்ப்பவர்கள் டிராக்டர் ஓடிய தடம் என்று தாண்டிப் போய்விடுவார்கள். படகு இழுக்கும் டிராக்டர்கள் ஓடும் கரைகளில் அந்தக் குழப்பம் இயல்பு. உட்கார்ந்து பாருங்கள். டயர் தடம் இருபுறமும் ஒரே சீராக இருக்கும். பங்குனி ஆமை வலது முன்துடுப்பையும் இடது பின்துடுப்பையும் சேர்த்து, பிறகு மறுபக்கத்து இரண்டையும் சேர்த்து, மாறி மாறி ஊன்றி நகரும். அதனால் இடப்பக்க வளைவும் வலப்பக்க வளைவும் நேருக்கு நேர் நிற்காமல் ஒன்றுவிட்டு ஒன்றாக விழுகின்றன. லட்சத்தீவில் ஏறும் பேராமை இரு முன்துடுப்புகளையும் ஒன்றாக ஊன்றுவதால் அதன் தடம் இருபுறமும் ஒத்திருக்கும். துடுப்பு மணலைப் பின்னால் தள்ளுகிறது. மணல் எந்தப் பக்கம் குவிந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஆமை போயிருக்கிறது.

ஏறிய தடம், இறங்கிய தடம் இரண்டும் அருகருகே இருந்தால் அவற்றின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கடல் வற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஆமை வந்திருந்தால், ஏறிய தடம் மேலேயே தொடங்கும், இறங்கிய தடம் நீர் விலகிய தூரம் வரை நீண்டிருக்கும். இவ்வளவும் படத்தில் பதிய வேண்டுமென்றால் அருகில் எடுத்த படம் மட்டும் போதாது. இரண்டு தடங்களும் கடலும் சேர்ந்து தெரியும்படி தள்ளி நின்று ஒன்று எடுங்கள். பிறகு கைபேசியைத் தரைக்கு இணையாகப் பிடித்து நேர் மேலிருந்து ஒன்று. பக்கத்தில் ஒரு அடிக்கோலை வையுங்கள். நாணயம் வெயிலில் பளபளக்கும்; வேறு வழியில்லையென்றால் வைக்கலாம், 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள பத்து ரூபாய் நாணயம் உதவும். அளவுக்கு எதுவும் இல்லாத தடப்படம் அழகாக இருக்கலாம், அதிலிருந்து எந்த விலங்கு என்று சொல்வது கடினம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காகத்துக்கு முன்னே மூன்று விரல், பின்னே நீண்ட ஒரு விரல். உப்புக்கொத்திக்குப் பின்விரல் இல்லை. அது ஓடி நின்று, ஓடி நின்று இரை தேடும் பறவை. அதனால் தடங்கள் தள்ளித்தள்ளி விழுந்து, ஓரிடத்தில் நெருங்கி, மறுபடி தள்ளி விழும். அந்த நெருக்கம் படத்துக்குள் வரும்படி எடுத்தால் பறவையின் நடையே கிடைத்துவிடும். நாயின் தடத்தில் நகம் தெரியும், பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். வளை நண்டு பக்கவாட்டில் ஓடுவதால் இரண்டு வரிசைக் கீறல்கள் விழுகின்றன. வளைவாசலில் அது வெளியே எறிந்த மணல் விசிறியாகப் பரவியிருக்கும். கோடியக்கரைப் பக்கம் போனால் வெளிமானின் குளம்புத் தடமும் கிடைக்கும்.

கைபேசியில் இரண்டு ஏற்பாடுகள் செய்துகொள்ளுங்கள். எச்டிஆர் வசதியை அணைத்துவிடுங்கள். நிழலை வெளுப்பாக்கிக் காட்டுவது அதன் வேலை. நமக்கு வேண்டியதே அந்த நிழல்தான். அடுத்து, நிழலின் விளிம்பில் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைச் சற்றே கூட்டுங்கள். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சம் என்றே கேமரா கணக்கிடுவதால் வெளிர்மணல் அழுக்காக விழும். அலை நனைத்த கருமணலுக்கு இது தலைகீழ், அங்கே குறைக்க வேண்டும். வெயில் ஏறிவிட்ட பிறகு அரிய தடம் ஒன்று கண்ணில் பட்டால், குடையால் அதை முழுக்க நிழலாக்கி, ஒருவர் டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடிக்க எடுக்கலாம்.

ஒரு தடத்தை எத்தனை பாங்காக எடுக்க முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் ஹேஸ்பரோ கரை நல்ல சான்று. 2013 மே மாதத்தில் அங்கே அலை மேல்மணலை அரித்துச் சென்றபோது, பழைய சேற்றுப் படுகையில் மனித இனத்தின் காலடிகள் வெளிப்பட்டன. எட்டு லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதற்குமுன் கண்டறிந்த காலடிகள் எதுவும் அவ்வளவு பழையவை அல்ல. சில வாரங்களுக்குள் கடல் அவற்றை அழித்துவிட்டது. அதற்குள் ஆய்வாளர்கள் பல கோணங்களில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி படங்கள் எடுத்து, கணினியில் சேர்த்து, முப்பரிமாண வடிவமாக்கிவிட்டார்கள். இன்று அந்தக் காலடிகளை அளக்க வேண்டுமென்றால் அந்தப் படங்களிலிருந்துதான் அளக்க வேண்டும். இதே முறை கைபேசிக்கும் வசப்படும்: தடத்தைச் சுற்றி வந்து, ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் பெரும்பகுதி இருக்கும்படி முப்பது நாற்பது எடுத்தால் போதும், மீதியைச் செயலிகள் பார்த்துக்கொள்ளும்.

ஆமைப் பருவத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இரவில் டார்ச்சும் ஃபிளாஷும் கூடாது. வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடலாம். குஞ்சுகள் கடலை விட்டு விளக்கை நோக்கி நடக்கும். பங்குனி ஆமை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. முட்டையைத் தொடுவதே குற்றம். சென்னையில் 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழு இரவில் கரையோரம் நடந்து, இந்தத் தடத்தைப் பார்த்தே முட்டைக் கூட்டைக் கண்டுபிடிக்கிறது. அவர்கள் வருவதற்கு முன் நீங்கள் தடத்தைப் பார்த்துவிட்டால் அதன்மேல் நடக்காமல், ஓரமாக நின்று படமெடுத்து, வனத்துறைக்கோ ஆமை நடை செல்பவர்களுக்கோ தெரிவியுங்கள். படத்தைப் பொதுவெளியில் போடுவதானால் அதில் பதிந்திருக்கும் இடக்குறிப்பை முதலில் நீக்கிவிடுங்கள்.