துவக்கும் எழுத்துச் சான்றும்



மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரை வயல்களில் காட்டுப்பன்றியும் யானையும் இரவில் இறங்குதல் நாம் அறிந்ததே. வேளாண்மைக் காவலுக்கென அனுமதிப்பத்திரம் பெற்றுத் துவக்கு வைத்திருப்போரும் உளர். அவருள் ஒருவர், முதுமை காரணமாகத் தம் துவக்கை விற்க எண்ணுகிறார் எனக் கொள்வோம். வாங்குபவர் மைத்துனர் முறையினர். “நமக்குள் எழுத்து எதற்கு?” என்று கேட்கிறார். அக்கேள்விக்கு விடை கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

துவக்கின் அனுமதிப்பத்திரம் ஆளுக்குரியது. பொருளோடு சேர்ந்து கைமாறுவதன்று. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டமும், 1996ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் இதனை ஆளுகின்றன. பத்திரம் ஆண்டுதோறும் டிசெம்பர் 31இல் முடிவடையும். ஆகவே, முன்னாளில் கச்சேரி என வழங்கிய மாவட்டச் செயலகத்தில் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பித்து, எழுத்து மூலம் இசைவு பெற்ற பின்னரே துவக்கைக் கொடுத்தல் வேண்டும்.

அலுவலகக் கோவையில் பதிந்தாயிற்று என்று அமையலாமா? ஆகாது. பாடசாலையில் ஒரு மேசை இடம் மாறினாலும் இருப்புப் பதிவேட்டில் குறிக்கிறோம். உயிர் பறிக்க வல்ல பொருளுக்கு அதனினும் குறைவான கணக்குப் போதுமோ?

விற்பனைச் சீட்டில் திகதி, இருவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், அனுமதிப்பத்திர இலக்கம், செய்தவர் பெயர், குழல்களின் எண்ணிக்கை, விலை ஆகியன இடம்பெறுக. இருவரும் சாட்சிகளும் ஒப்பமிடுக. தொடர் இலக்கத்தைப் பழைய கடதாசியிலிருந்து பெயர்த்தெழுதாது, இரும்பிலேயே பார்த்தெழுதுக. உவர்க்காற்றில் துருவேறி இலக்கம் மங்கியிருப்பின், ஊகித்து நிரப்பாமல் அலுவலகத்துக்கு அறிவிக்க.

சீட்டின் பிரதி இருவரிடமும் இருத்தல் வேண்டும். 1978ஆம் ஆண்டின் சூறாவளியும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் நம் வீட்டுப் பெட்டகங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. எனவே மேலும் ஒரு பிரதியை வேற்றூர் உறவினரிடம் வைத்தல் நன்று.

எத்துணைக் காலம் பேணுவது? 2014இல் நடைமுறைக்கு வந்த ஆயுத வணிக உடன்படிக்கை, நாடுகள் தம் ஏற்றுமதிப் பதிவுகளைப் பத்தாண்டுகளேனும் காக்க வேண்டும் என்கிறது. தனியார் அதற்கு மேலும் காத்தல் தகும். துவக்கு அதன் உடையவரினும் நெடிது வாழ்வது.

அத்துவக்கு என்றேனும் ஒரு குற்றத்தின் அருகே கிடந்தால், “யாருடையது?” என்ற கேள்வி முதலில் விற்றவரின் வாசலுக்கே வரும். அன்று அவர் இல்லாதிருக்கலாம். பிள்ளைகள் விடை கூற நேரும். அவர்களுக்குத் துணை நிற்பது மைத்துனரின் வாய்ச்சொல் அன்று. அந்த ஒரு தாளே.