மூட்டைப்பூச்சியும் வீட்டுச் சொந்தக்காரரும்

வாடகை வீட்டிலே மூட்டைப்பூச்சி மலிந்திருந்தால் அதற்குப் பொறுப்பாளி யார்? நேயர்களே, இங்கிலாந்தில் 1843ஆம் ஆண்டு இவ்வினா நீதிமன்றம் ஏறியது.

மராபிள் என்பார் பிறைற்றன் நகரில் தளபாடங்களுடன் கூடிய வீடொன்றை, வாரம் 8 கினி வீதம், ஐந்து வாரங்களுக்கு வாடகைக்கு எடுத்தார். பூச்சித்தொல்லை பொறுக்காது, ஒரு வார வாடகையைச் செலுத்தி வெளியேறினார். எஞ்சிய வாடகை கோரி வழக்குத் தொடரப்பட்டது. தளபாடங்களுடன் விடப்படும் வீடு குடியிருப்புக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும் என்பது, எழுதப்படாவிடினும், உடன்படிக்கையில் அடங்கியதே எனத் தீர்ப்பாயிற்று.

ஆயினும், தளபாடமற்ற வீடுகளுக்கு நீதிமன்றங்கள் இப்பாதுகாப்பை விரிக்கவில்லை. குறைந்த வாடகை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளருக்கு 1885ஆம் ஆண்டுச் சட்டமே அதனை அளித்தது. 2018ஆம் ஆண்டுச் சட்டமோ, குடியிருக்குங் காலம் முழுவதும் வீட்டைத் தகுதியாக வைத்திருக்கும் கடமையை உரிமையாளர்மேற் சுமத்தியது. குடியிருப்பவரின் கவனயீனத்தால் விளையும் கேட்டுக்கு அவர் பொறுப்பாளியல்லர்.